பதில் தட்டு

நம்புகிறவர்கள் நம்பலாம், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நான் பேய்க்குப் பயந்து வளர்ந்தவள் இல்லை. கரண்ட்டோடு பழகுகிறவள். ஒரு சத்தம் வந்தால் அது எந்த ஒயர் வழியாக வந்தது, எந்த ஓட்டையில் நுழைந்தது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட என்னாலும் கண்டுபிடிக்க முடியாமல் போன ஒரே ஒரு சத்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதில் நடுச்சாமம் கிடையாது. நாய் ஊளையிடவில்லை, கரண்ட் போகவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மணி சாயங்காலம் நாலரை.

திருமங்கலத்தைத் தாண்டி, நாலுவழிச் சாலையிலிருந்து இறங்கி, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் எங்கள் ஆய்வுக்கூடம். பெயர் வேண்டாம், எனக்கு வேலை வேண்டும். அங்கே ஒரு பெரிய லேசர் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு உலோகத் தகட்டைச் சுடுவோம். தகடு என்றால் சாக்லேட் சுற்றி வரும் காகிதத்தைவிட மெல்லியது. ஒரு தடவை சுடுவதை நாங்கள் ‘ஷாட்’ என்போம்.

சுட்ட மாத்திரத்தில் தகட்டிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு பறக்கும். போனதை ஈடுகட்ட, தகட்டைத் தாங்கி நிற்கும் தண்டு வழியாகத் தரையிலிருந்து கரண்ட் குபுகுபுவென்று மேலே ஏறும். ஏறும்போது அந்தத் தண்டே ஒரு ஆண்டெனாவாகிவிடும். மிக்ஸி போட்டால் பழைய டிவியில் கோடு கோடாக ஓடுமே, அதே சங்கதிதான். ஆனால் அதைவிடப் பல லட்சம் மடங்கு பெரியது. புத்தகத்தில் மின்காந்தத் துடிப்பு என்று எழுதுவார்கள். நாங்கள் ‘உதை’ என்போம். ஒரே உதையில் கேமரா செத்திருக்கிறது, கம்ப்யூட்டர் செத்திருக்கிறது. அந்த உதையைக் குறைப்பதுதான் என் வேலை. என் வீட்டுக்காரர் அனீஸின் வேலையும் அதுதான்.

அனீஸ் உள்ளே, நான் வெளியே. அவர் ஹாலுக்குள் தகட்டையும் தண்டையும் பொருத்துவார். நான் கேமராக்களைச் செம்புப் பெட்டிக்குள் அடைப்பேன், ஒயர்களைப் பிடுங்கிவிட்டுக் கரண்ட் ஏறாத கண்ணாடி இழை போடுவேன், ஹாலைச் சுற்றி வந்து ஓட்டை அடைப்பேன். ஹால் முழுக்க உலோகச் சுவர். ஜன்னல் கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. கதவை மூடிவிட்டால் உள்ளே செல்போன் எடுக்காது, ரேடியோ எடுக்காது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே நுழையாது. அந்த மாதிரி ஒரு அறையைக் கட்டி வைத்ததில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

அந்தக் கதவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். கனத்த இரும்புக் கதவு. ஓரம் முழுக்கச் சீப்பின் பல்லைப்போல மெல்லிய செம்புப் பற்கள். மூடும்போது அவை சட்டத்தோடு ஒட்டி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கதவுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திருகினால் பற்கள் வளைந்துவிடும். ஒரு பல் வளைந்தால் போதும், அங்கே ஓட்டை. உள்ளே இருப்பவரோடு பேச இன்டர்காம் வைக்கலாமே என்பீர்கள். ஒயர் போட்டால் அதுவும் ஆண்டெனாதான்.

அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம். உள்ளே இருப்பவர் வெளியே வரவேண்டும் என்றால் கதவில் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. வெளியே இருப்பவர் பதிலுக்கு ஒரே ஒரு தட்டு. ‘நான் கையை எடுத்துவிட்டேன், நீ திறந்துகொண்டு வா’ என்று அர்த்தம். பதில் தட்டு வராமல் உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் தொடவே கூடாது. தொட்டால் பத்ரி சார் பிடித்து வாங்கிவிடுவார். ஷாட்டுகளுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான்.

அனீஸ் தட்டினால் நான் உடனே பதில் கொடுக்க மாட்டேன். வேண்டுமென்றே நிற்பேன். அவர் மறுபடி தட்டுவார். அப்புறம் கதவில் வாயை வைத்துக் கத்துவார். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி லேசாகக் கேட்கும்.

“எம்புட்டு நேரம்டி தட்டுறது? கை வலிக்குது.”

“இன்னொரு தடவ தட்டுங்க மச்சான்.”

“ஏய், பத்ரி சார் பாத்தா ரெண்டு பேரையும் தொரத்திருவாரு.”

அதற்குப் பிறகுதான் ஒரு தட்டு தட்டுவேன். தட்டியதும் உள்ளங்கையைக் கதவில் வைத்து மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிவிடுவேன். இது எந்த விதியிலும் இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது. “உள்ள கேக்குதுடி, சர்ர்னு” என்று ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். அவர் காது சிவந்திருந்தது.

ஜனவரி கடைசியில் அவர் இறந்துபோனார்.

உதையைக் குறைக்க ஒரு புதுத் தண்டு செய்யச் சொல்லியிருந்தார். இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக், அதுவும் திருகாணி மாதிரி வளைவு வளைவாக. கரண்ட் நேராக ஏறாமல் சுற்றிச் சுற்றி ஏறித் தளர்ந்துபோகும் என்பது அவர் யோசனை. திருமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வைத்திருந்தார்கள். “வாங்கிட்டு வாரேன்” என்று மத்தியானம் பைக்கை எடுத்தார். நாலுவழிச் சாலையில் எதிர்த்திசையில் ஒரு லோடு வண்டி வந்திருக்கிறது. மதுரைக்குக் கொண்டுபோகிற வழியில் ஆம்புலன்ஸிலேயே முடிந்துவிட்டது. நான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் பையைக் கொடுத்தார்கள். உள்ளே நியூஸ்பேப்பரில் சுற்றிய தண்டு. ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவு பெரிய மனுஷன் நொறுங்கிப்போனார், முழ நீளப் பிளாஸ்டிக் உடையவில்லை. அதைத் தூக்கிப் பீரோவுக்கு அடியில் எறிந்தேன்.

எங்களில் புருஷன் மௌத்தானால் பொண்டாட்டி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். இத்தா என்போம். மதுரையில், எங்கள் கோச்சடை வீட்டில் நானும் மாமியும் மட்டும். மாமி என்றால் அவருடைய அம்மா, அஜ்மல் பீவி. மாமி அடுப்படியில் அழுவார், நான் பெட்ரூமில் அழுவேன். சாப்பிட உட்காரும்போது இரண்டு பேரும் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவோம். யாரை யார் ஏமாற்றினோமோ தெரியாது.

ஜூன் மாதம் வேலைக்குத் திரும்பினேன். பத்ரி சார் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அதுதான் முதலில் எனக்குத் தப்பாகப் பட்டது. துக்கம் கேட்கிறவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். எதையோ மறைக்கிறவர்கள்தான் பேசுவார்கள்.

“ஹாலுக்குள்ள ஒரு சத்தம் வருதும்மா. ஷாட்டுக்கு முன்னாடியே வருது. சாயங்கால ஷாட் எல்லாம் பாழ்.”

“எப்ப இருந்து சார்?”

“ஜனவரி கடைசியிலேருந்து.”

“எலியா இருக்கும்” என்றார் பக்கத்தில் இருந்தவர். எலியாம்! நான் அடைத்த சுவருக்குள் எலி! எனக்கு வந்த கோபத்தில் துக்கம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

எங்கள் பெரிய ஷாட் சாயங்காலம் நாலரைக்கு மேல்தான். அப்போதுதான் சுற்றிலும் காட்டுப் பம்புசெட்டுகள் நின்று, லைன் சுத்தமாக இருக்கும். ஐந்துக்கு மேல் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். அந்த அரை மணி நேரம் கேமராக்கள் உதைக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். நடுவில் ஒரு சின்ன சத்தம் பட்டாலும் ஷாட் வந்துவிட்டது என்று ஏமாந்து சொடுக்கிவிடும். பிறகு உண்மையான ஷாட் வரும்போது கண்ணை மூடிக்கொண்டிருக்கும். நாலரை மாதமாக அதுதான் நடந்திருக்கிறது.

ஹாலுக்குள் எவ்வளவு மின்சத்தம் இருக்கிறது என்று பார்க்க ஒரு ரெக்கார்டர் உண்டு. அமைதியாக இருந்தால் நேர்கோடு. சத்தம் வந்தால் கோடு துள்ளும். பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். காலை ஷாட்டுகள் நேர்கோடு. சாயங்காலம் நாலரைக்குத் துள்ளல் ஆரம்பிக்கும், நாலு நாற்பதுக்கு நின்றுவிடும். எல்லா நாளும். ஷாட்டே வைக்காத ஞாயிற்றுக்கிழமையும்.

துள்ளலைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

கொஞ்சம் நின்று, மறுபடி இரண்டு... இடைவெளி... ஒன்று.

அது எங்கள் தட்டு. ஆனாலும் எனக்குத் தெரிந்த கரண்ட் என்னை விடவில்லை. கதவை யாராவது தட்டினால் செம்புப் பற்கள் அதிரும். அதிரும்போது ஒரு நொடி இடைவெளி விழுந்து வெளியே இருக்கிற ரேடியோ அலைகள் உள்ளே கசியும். கோடு துள்ளும். அப்படியானால் கதவை யாரோ தட்டுகிறார்கள். அவ்வளவுதான், இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை. எவனோ விளையாடுகிறான், பிடித்தால் தோலை உரித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் நாலேகாலுக்கே ஹாலுக்குள் போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். யாரும் இல்லை. நானே கதவை மூடினேன். வெளியே நின்றேன். அந்த நடையில் என்னைத் தவிர ஆள் இல்லை.

நாலு இருபத்தைந்து. ஏசி சத்தம் மட்டும்.

நாலு இருபத்தெட்டு. தூரத்தில் பம்புசெட் ஒவ்வொன்றாக நின்றது.

நாலரை.

டொக்... டொக்...

...

டொக்.

உள்ளேயிருந்து.

கதவில் கை வைத்தேன். இரும்பு அதிர்ந்தது. என் தோள் உயரத்துக்கு மேலே, அவர் எப்போதும் தட்டுகிற இடத்தில்.

டொக்... டொக்...

டொக்.

விரல் மடங்கின பக்கத்தால் தட்டுகிற சத்தம். இரண்டாவது தட்டு முதலைவிடக் கொஞ்சம் மெல்லியது. அவர் தட்டு அப்படித்தான் இருக்கும். ஆயிரம் பேர் தட்டினாலும் எனக்குத் தெரியும்.

கை தானாக மேலே போனது. பதில் கொடுக்கப் போனேன். கதவுக்கு ஒரு விரல் தூரத்தில் கையை நிறுத்தினேன்.

பதில் தட்டு என்றால் என்ன அர்த்தம்? ‘நீ திறந்துகொண்டு வா.’ திறந்துகொண்டு வந்து... பிறகு? பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பாரா? பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு கோச்சடைக்கு வருவாரா? வெளியே வந்தால் போய்விடுவார். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியும்.

நான் பதில் கொடுக்கவில்லை.

சொன்னால் வெட்கம்தான், சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு தினமும் நாலேகாலுக்கு அந்தக் கதவடியில் போய் உட்கார்ந்தேன். ஓட்டை தேடுகிறேன் என்று பத்ரி சாரிடம் பொய் சொன்னேன். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேசுவேன். மாமிக்கு முட்டி வலி, டாக்டரிடம் கூட்டிப்போனேன் மச்சான். உங்க பைக்க இன்னும் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து எடுக்கல, எனக்குப் பாக்கத் தெம்பில்ல மச்சான். உங்க நீலச் சட்டைய நான்தான் போட்டுத் தூங்குறேன், மாமிகிட்ட சொல்லிராதீங்க. அவர் தட்டுவார். நான் வாயைப் பொத்திக்கொள்வேன். நாலு நாற்பதுக்குச் சத்தம் நின்றுவிடும். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போவேன். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் காலையில் பல் துலக்கினேன், பஸ் ஏறினேன்.

பயமாக இல்லையா என்றால், இல்லை. என் மச்சானிடம் எனக்கு என்ன பயம்? எங்கள் மார்க்கத்தில் செத்தவர்கள் திரும்பி வருவதில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டால் திட்டித்தான் அனுப்புவார். அதனால் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் புரியவே இல்லை. அவர் இறந்தது ரோட்டில். இங்கே, இந்த ஹாலுக்குள் ஏன் அடைந்து கிடக்கிறார்?

ஆடி பிறந்தது. வெளியே காற்று புழுதியை வாரி இறைத்தது. அப்போதுதான் கவனித்தேன். தட்டு மாறியிருந்தது.

இடைவெளி நீண்டுகொண்டே போனது. இரண்டு தட்டுக்குப் பிறகு மூன்றாவது வர முன்பெல்லாம் ஒரு மூச்சு நேரம் ஆகும். இப்போது மூன்று மூச்சு, நாலு மூச்சு. சில நாள் வராமலே போகும். முதலில் என் தோளுக்கு மேலே கேட்ட சத்தம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. பிறகு முட்டி உயரத்துக்கு.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

நின்று தட்ட அவருக்குத் தெம்பில்லை.

அன்றைக்கு நான் பஸ்ஸில் அழுத அழுகையில் பக்கத்து சீட்டுக்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ராத்திரி மாமி தோசை வார்த்துப்போட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“மச்சான் ரொம்பக் களைச்சுப்போனா நீங்க என்ன செய்வீங்க மாமி?”

செத்துப்போனவரைப் பற்றி இன்னும் இருக்கிறவர் மாதிரிக் கேட்டுவிட்டேன். மாமி திருத்தவில்லை. கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டார்.

“சோறுகூடக் கேக்க மாட்டேன் தாயி. எம் புள்ளையப் படுக்க விட்டுருவேன்.”

மறுநாள் காலையில் பத்ரி சார் கூப்பிட்டார்.

“சனோபர், அந்தக் கதவைக் கழட்டிடலாம்னு முடிவாயிடுத்து. மோட்டார் வச்ச புதுக் கதவு. வெள்ளிக்கிழமை ஆள் வர்றா.”

“தட்டுறது?”

“தட்ட வேண்டாம். பட்டன்தான்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நானும் கேட்டிருக்கேம்மா. முதல் வாரமே கேட்டேன். பதில் தட்டவும் பார்த்தேன். எனக்குத் திறக்கலை. மறுபடி அதே மாதிரி தட்டறது. யாருக்காகக் காத்துண்டிருக்குன்னு அப்பவே தெரிஞ்சுது. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை.”

எனக்கு ஒரு நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் தட்டக் கதவே இருக்காது. பதில் கொடுத்தால் போய்விடுவார். கொடுக்காவிட்டால் கதவில்லாத இருட்டுக்குள் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார், என்றைக்கும்.

வியாழக்கிழமை காலையில் பீரோவுக்கு அடியில் கையை விட்டு அந்தத் தண்டை எடுத்தேன். தூசியை அவர் நீலச் சட்டையாலேயே துடைத்தேன்.

நாலு மணிக்கு ஹாலுக்குள் போய் அதைப் பொருத்தினேன். அவர் செய்த வேலையை அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகச் செய்தேன். முடித்துவிட்டு உள்ளிருந்து இரண்டு தட்டு, ஒரு தட்டு. வெளியே நின்ற பத்ரி சார் பதில் தட்டினார். நான் வந்ததும் என் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்தார். பிறகு கன்ட்ரோல் ரூமுக்குப் போய்விட்டார்.

கதவை மூடினேன்.

நாலு இருபத்தொன்பது. பம்புசெட் நின்றது. ஏசி நின்றது. ஏசியை யாரும் நிறுத்தவில்லை...

நாலரை.

டொக்...

கீழே. தரையோடு தரையாக.

டொக்...

நான் முழங்காலிட்டேன்.

காத்திருந்தேன்.

...

...

வரவில்லை.

“மச்சான்... இன்னொரு தடவ தட்டுங்க மச்சான்.”

...

டொக்.

நகத்தால் தட்டின மாதிரி அவ்வளவு லேசாக.

கையை எடுத்து ஒரே ஒரு தட்டு தட்டினேன். உள்ளங்கையை இரும்பில் வைத்தேன். மேலிருந்து கீழே, மெதுவாக, தடவிவிட்டேன்.

கைப்பிடி உள்பக்கமிருந்து திரும்பியது.

நான் தொடவில்லை.

கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டு. என் கன்னத்தில் ஏதோ பட்டுப் போனது. சூடும் இல்லை, குளிரும் இல்லை. பெட்ரோல் வாசமும் ரோட்டுப் புழுதி வாசமும் வந்தன. நடையைத் தாண்டி... வெளி வாசலைத் தாண்டி... போய்விட்டது.

கதவு தானாக மூடிக்கொண்டது. ஒரு பல்கூட வளையவில்லை.

ஐந்து மணிக்கு ஷாட். கன்ட்ரோல் ரூமில் எல்லோரும் கூடி நின்றார்கள். சுட்டோம். கேமராவும் சாகவில்லை, கம்ப்யூட்டரும் சாகவில்லை. அந்தத் தண்டு உதையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்திருந்தது. அவர் யோசனை சரி. அதற்கு முன்னால் இருந்த அரை மணி நேரத்துக் கோடு அசையாமல் நேராகக் கிடந்தது, ஆரம்பத்தில் அந்த மூன்று துள்ளலையும், என் ஒரு தட்டையும், கதவு திறந்து மூடியதையும் தவிர. எல்லோரும் கை தட்டினார்கள். நான் பாத்ரூமுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். ஐந்து வருஷமாக எந்த அமைதிக்காக உழைத்தோமோ அது வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். துக்கத்தில் இருக்கிறவளுக்கு என்னென்னவோ தோன்றும் என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

செப்டம்பரில் வருஷாந்திரப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. ஹாலுக்குள் யாருக்காவது ஷாக் அடித்தால் எப்படி வெளியே கொண்டுவருவது என்று செய்து காட்டுவோம். திருமங்கலத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. கூட வந்தவர் பெயர் சோலை, நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து வருகிறவர். புதுக் கதவு வந்துவிட்டாலும், மோட்டார் பழுதானால் பழைய முறைதான் என்பதால், பத்ரி சார் தட்டிக் காட்டினார். இரண்டு. இடைவெளி. ஒன்று.

சோலை ஸ்ட்ரெச்சரை அப்படியே விட்டுவிட்டார்.

“இந்தத் தட்டு... இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வழக்கம்ணே. ஏன்?” என்றேன்.

“ஜனவரியில ஒரு பைக்குக்காரர ஏத்துனேன்க்கா. இங்கிட்டு ரோட்டுலதேன். பேச்சு இல்ல, கண்ணு தெறக்கல. வலது கை மட்டும் வண்டிச் சுவத்தத் தட்டிக்கிட்டே வந்துச்சு. ரெண்டு... அப்பறம் ஒண்ணு. தட்டிட்டு, காதக் குடுத்துக் கேக்குற மாதிரி இருப்பாரு. மறுபடி தட்டுவாரு. வலியிலதேன் தட்டுறாருன்னு கையப் புடிச்சேன். உருவிக்கிட்டாரு. கப்பலூர் டோல்கேட்டத் தாண்டயில கை நின்னுபோச்சு. நாலு நாப்பது. நாந்தேன் எழுதுனேன்.”

நான் யார் என்று அவருக்குத் தெரியாது. பத்ரி சார் அவரைத் தடுக்க வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

“பெறகும் கேட்டுச்சுக்கா. காலி வண்டியில. அதே நேரத்துக்கு நாங்க எங்கிட்டுப் போனாலும் உள்ள தட்டும். டிரைவர் வேற வண்டிக்கு மாறிட்டாரு. எனக்குப் பயமில்ல, பாவமாத்தேன் இருந்துச்சு. ஆடி மாசம் ஒரு வியாழக்கிழமையோட நின்னுபோச்சு.”

நான் திரும்பி அந்தப் புதுக் கதவைப் பார்த்தேன்.

“அன்னைக்குத்தேன் நான் பயந்தேன்.” சோலையின் குரல் இறங்கியது. “நாலரை மணி. வண்டி எண்பதுல போய்க்கிட்டு இருக்கு. உள்ள ரெண்டு தட்டுச்சு. ரொம்ப நேரங்கழிச்சு ஒண்ணு. அப்பறம்... பின்கதவுல பதில் வந்துச்சு. ஒரே தட்டு. வெளிப்பக்கம் இருந்து.”

“ரோட்டுக் கல்லு ஏதாவது தெறிச்சிருக்கும்” என்றார் பத்ரி சார்.

“கல்லு இல்ல சார்.” சோலை தன் உள்ளங்கையைக் காற்றில் விரித்தார். மேலிருந்து கீழே மெதுவாக இறக்கினார். “தட்டுனதும் யாரோ இப்பிடித் தடவுனாங்க. சர்ர்னு.”

பதில் தட்டு அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தத் தடவல் எனக்கும் அனீஸுக்கும் மட்டும்தான் தெரியும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.